இருட்டா, ஓட்டையா? அகச்சிவப்புத் தரவில் விண்மேகம் ஆராயத் தொடங்குவோருக்கு

வானப் படத்தில் ஒரு கறுப்புத் திட்டு. விண்மீன் கூட்டத்தை ஏதோ ஒன்று முன்னால் நின்று மறைக்கிறதா, இல்லை அந்த இடமே வெறுமையா? வில்லியம் ஹெர்ஷல் 18ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட திட்டுகளை வானத்து ஓட்டைகள் என்றே எண்ணினார். எட்வர்ட் பர்னார்ட் 1919இல் 182 இருண்ட திட்டுகளுக்குப் பட்டியல் போட்டார். அவற்றில் பல, பின்னாலிருந்து வரும் ஒளியை மறிக்கும் தூசி மேகங்கள் என்பது பிறகு உறுதியானது. இன்றைக்கு கோபியிலோ தாராபுரத்திலோ உட்கார்ந்துகொண்டு, ஒரு மடிக்கணினியும் போனிலிருந்து வரும் இணையமும் இருந்தால், அதே கேள்வியை ஒவ்வொரு திட்டிடமும் நீங்களே கேட்டுப் பார்க்கலாம். செயற்கைக்கோள்கள் எடுத்த அகச்சிவப்புப் படங்கள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன.

இந்தக் கட்டுரை கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளையும், தொலைநோக்கி வைத்து வானம் பார்த்துப் பழகிய ஆர்வலர்களையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. மடக்கை, கோண அளவு இரண்டும் தெரிந்தால் போதும்.

எந்த அலையில் எது தெரியும்

பவுண்டரியில் வேலை பார்ப்பவர்கள் இரும்புக் குழம்பின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் குழம்பு 1400 டிகிரி செல்சியஸில் கண்ணைக் கூச வைக்கிறது. ஆனால் அதன் கதிர்வீச்சின் உச்சம் நாம் பார்க்கும் ஒளியில் இல்லை, 1.7 மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அகச்சிவப்பில் இருக்கிறது. அச்சில் வார்த்து, ஆறிக் கறுத்துப்போன பிறகும் பக்கத்தில் போனால் முகத்தில் அனல் அடிக்கிறதே, அதுவும் அகச்சிவப்புதான்.

கணக்கு எளிது. 2898ஐக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் உச்ச அலைநீளம் மைக்ரானில் கிடைக்கும். நம் உடம்பும் சுவரும் 300 கெல்வின், ஆக 10 மைக்ரானை ஒட்டி. 30 கெல்வின் தூசி 97 மைக்ரானில், 15 கெல்வின் தூசி 193 மைக்ரானில், 10 கெல்வின் தூசி 290 மைக்ரானில். விண்மீன் பிறக்கும் குளிர்ந்த மேகங்கள் இந்தக் கடைசி இரண்டு வெப்பநிலைகளை ஒட்டித்தான் இருக்கின்றன.

ஆகவே 1 முதல் 2.5 மைக்ரான் வரை (ஜே, ஹெச், கே பட்டைகள்) பார்ப்பது பெரும்பாலும் விண்மீன் ஒளி. கே பட்டையில் தூசியின் மறைப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. அதனால் பின்னால் இருக்கும் விண்மீன்கள் சிவந்து எட்டிப் பார்க்கும். 3 முதல் 5 மைக்ரானில் சூடான தூசி, அதிர்ச்சியில் கிளர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு, 3.05 மைக்ரானில் நீர்ப்பனிக்கட்டியின் உறிஞ்சல். 8, 12 மைக்ரான் படங்களில் பளபளப்பது பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள். விறகடுப்புக் கரியிலும் டீசல் புகையிலும் இருக்கும் குடும்பம்தான். 6.2, 7.7, 8.6, 11.3 மைக்ரான் இவற்றின் அடையாள வரிகள். 9.7 மைக்ரானில் சிலிக்கேட் தூசி ஒளியை விழுங்கும். 22, 24 மைக்ரானில் விண்மீனுக்குப் பக்கத்தில் சூடேறிய தூசி. 70ஐத் தாண்டி 500 வரை, குளிர்ந்த மேகமே தானாக ஒளிரும்.

இதை வீட்டு மாடியிலிருந்து ஏன் செய்ய முடியாது என்றால், நடுவில் நிற்பது காற்றில் உள்ள நீராவி. அதோடு தொலைநோக்கியும் 300 கெல்வினில் 10 மைக்ரானில் தகதகக்கும். உருக்கு உலைக்கு முன்னால் நின்றுகொண்டு வெளியே மின்மினி தேடுவது போல. மவுண்ட் அபுவின் 1.2 மீட்டர், 4500 மீட்டர் உயரத்து ஹான்லேயில் உள்ள 2 மீட்டர், தேவஸ்தலின் 3.6 மீட்டர் தொலைநோக்கிகள் எல்லாம் அகச்சிவப்பைப் பார்ப்பது முக்கியமாக அண்மை அகச்சிவப்பில்தான். தொலை அகச்சிவப்புக்காக டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1 மீட்டர் தொலைநோக்கியை ஹைதராபாத்திலிருந்து பலூனில் கட்டி மேலே அனுப்பியது. மற்றபடி செயற்கைக்கோள்தான் வழி.

கையில் என்ன வேண்டும்

8 ஜிபி நினைவகம் உள்ள கணினி. மென்பொருள் நான்கு: பார்ப்பதற்கு அலாதீன், கோப்பைத் திறந்து அளக்க டிஎஸ்9, விண்மீன் பட்டியலைக் கையாள டாப்கேட், கணக்குக்குப் பைத்தானும் அதன் ஆஸ்ட்ரோபை நூலகமும். எல்லாமே இலவசம். பைத்தான் தெரியாதவர்கள் முதல் மாதம் அதைத் தொடவே வேண்டாம். முதல் மூன்றில் வேலை ஓடிவிடும்.

தரவு எங்கே என்றால், நாசாவின் அகச்சிவப்புக் காப்பகமான இர்சாவில் பெரும்பாலானவை உண்டு. ஹெர்ஷல் விண்வெளித் தொலைநோக்கியின் தரவு ஐரோப்பிய விண்வெளி முகமையின் காப்பகத்திலும் கிடைக்கும். ஐந்து ஆய்வுகளை மட்டும் இப்போதைக்கு நினைவில் வையுங்கள்:

- டூமாஸ், 1997 முதல் 2001 வரை, முழு வானம், 1.25, 1.65, 2.2 மைக்ரான்.
- ஸ்பிட்சர், 2003இல் ஏவப்பட்டது; 3.6, 4.5, 5.8, 8, 24 மைக்ரான். பால்வழித் தளத்துக்கு கிளிம்ஸ், மிப்ஸ்கேல் என்ற இரண்டு ஆய்வுகள்.
- வைஸ், 2009 டிசம்பரில் ஏவப்பட்டது, முழு வானம், 3.4, 4.6, 12, 22 மைக்ரான்.
- ஹெர்ஷல், 2009 முதல் 2013 வரை. 70 முதல் 500 மைக்ரான். பால்வழித் தளத்துக்கு ஹை-கேல்.
- ஐராஸ், 1983. 12, 25, 60, 100 மைக்ரான். மங்கலான படம்தான், ஆனால் மிகப் பெரிய மேகங்களின் மொத்த உருவம் தெரிய இன்றும் உதவும்.

ஜேம்ஸ் வெப் படங்களில் கை வைக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். அதன் பார்வைப் பரப்பு சிறியது, கோப்பு பெரியது, குறைகளைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போகலாம்.

முதல் பயிற்சி: கார்த்திகை

அலாதீனில் கார்த்திகைக் கூட்டத்தின் ஆங்கிலப் பெயரையோ எம்45 என்ற எண்ணையோ தட்டி, பார்வைப் பரப்பை 2 டிகிரிக்கு வையுங்கள். முதலில் சாதாரண ஒளிப்படம், பிறகு டூமாஸ், பிறகு வைஸ் என்று அடுக்கை மாற்றுங்கள். ஒளிப்படத்தில் விண்மீன்களைச் சுற்றி நீலப் புகை. டூமாஸில் புகை ஏறக்குறைய மறைந்து விண்மீன்கள் மட்டும் நிற்கும். வைஸின் 12 மைக்ரானில் விண்மீன்கள் அடங்கி, தூசி இழை இழையாக எழும். அந்தத் தூசி கார்த்திகை பிறந்தபோது மிஞ்சியதல்ல; கூட்டம் தன் வழியில் போகும்போது குறுக்கே வந்த மேகம். ஒரே இடம், மூன்று அலை, மூன்று காட்சி. இது கண்ணில் பதிந்த பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

இரண்டாவது: பர்னார்ட் 68இல் மறைப்பை அளப்பது

பர்னார்ட் 68 பாம்பாட்டி மண்டலத்தில், 400 முதல் 500 ஒளியாண்டு தொலைவில் உள்ள சின்ன மேகம். வல ஏற்றம் 17 மணி 22 நிமிடம் 38 விநாடி, நடுவரை விலக்கம் தெற்கு 23 டிகிரி 49 நிமிடம். அகலம் 4 ஆர்க்மினிட்டுக்குள் (டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு ஒரு ஆர்க்மினிட், அதில் அறுபதில் ஒரு பங்கு ஆர்க்செகண்ட்) அடங்கும். கிட்டத்தில் இருப்பதால் நமக்கும் அதற்கும் இடையே விண்மீன்கள் அதிகம் இல்லை. பின்னாலோ பால்வழியின் கூட்டம் நெருக்கியடிக்கிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

1. டாப்கேட்டில் டூமாஸ் புள்ளிமூலப் பட்டியலை எடுங்கள். மையம் மேலே சொன்னது, ஆரம் 10 ஆர்க்மினிட்.

2. ஹெச், கே இரண்டிலும் தரக்குறி 'ஏ' உள்ள விண்மீன்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 'யூ' என்று இருந்தால் அது அளவீடே அல்ல, இதற்குமேல் பிரகாசம் இல்லை என்ற மேல்வரம்பு. புதியவர்கள் அதையும் சேர்த்துவிடுவதால் மேகத்தின் நடுவில் பொய்யான நிறங்கள் வரும்.

3. ஒவ்வொரு விண்மீனுக்கும் ஹெச் கழித்தல் கே என்ற புதிய நெடுவரிசை போடுங்கள்.

4. மேகத்திலிருந்து ஒரு டிகிரி தள்ளி, அதே பால்வழி அகலாங்கில், தூசி குறைந்த இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இதையே செய்யுங்கள். அங்குள்ள நடுமதிப்புதான் உங்கள் அடித்தளம். சராசரி எடுக்காதீர்கள், ஏதோ ஓரிரண்டு சிவப்பு விண்மீன் அதை இழுத்துவிடும்.

5. மேகத்துக்குள் தெரியும் ஒவ்வொரு விண்மீனின் மதிப்பிலிருந்தும் அடித்தளத்தைக் கழித்து 15.9ஆல் பெருக்குங்கள். வருவது கண்ணொளியில் எத்தனை மேக்னிட்யூட் மறைப்பு என்பது (மேக்னிட்யூட் பிரகாசத்தின் மடக்கை அளவு; எண் கூடக் கூட மங்கல்).

எடுத்துக்காட்டாக அடித்தளம் 0.18, ஒரு விண்மீன் 1.10 என்றால் வித்தியாசம் 0.92, மறைப்பு 14.6 மேக்னிட்யூட். ஒரு மேக்னிட்யூட்டுக்குச் சதுர சென்டிமீட்டரில் 0.94×10²¹ ஹைட்ரஜன் மூலக்கூறு என்ற வழக்கமான விகிதத்தில், அந்தத் திசையில் 1.4×10²² மூலக்கூறுகள். தூசியை அளந்து வாயுவைச் சொல்கிறோம். பருத்தி மூட்டையை எடை போடாமல், ஆலைக்குள் பறக்கும் பஞ்சுத் தூசியைப் பார்த்துச் சரக்கைச் சொல்வது மாதிரி. விகிதம் மாறாத வரைதான் செல்லும்.

6. 1 ஆர்க்மினிட் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நடுமதிப்பைப் போட்டால் மறைப்பு வரைபடம் ரெடி. ஒரு கட்டத்தில் ஐந்து விண்மீனாவது இல்லையென்றால் அதைக் காலியாகவே விடுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. உங்கள் வரைபடத்தில் மேகத்தின் நடுப்பகுதி காலியாகவோ, விளிம்பைவிடக் குறைவாகவோ வரும். மேகம் நடுவில் மெலிந்திருக்கிறது என்று அர்த்தமில்லை. டூமாஸ் கே பட்டையில் நம்பகமாகப் பார்ப்பது 14.3 மேக்னிட்யூட் வரை. நடுவில் உள்ள விண்மீன்கள் அதற்கும் கீழே மங்கிவிட்டன. தப்பித் தெரிபவை மறைப்பு குறைவாக வாய்த்தவை மட்டுமே. 2001இல் ஐரோப்பிய தெற்கு ஆய்வகத்தின் பெரிய தொலைநோக்கிகளால் இன்னும் மங்கலான விண்மீன்களைப் பிடித்து அளந்தபோதுதான் நடுவில் 30 மேக்னிட்யூட்டை ஒட்டிய மறைப்பு தெரிந்தது.

மூன்றாவது: கறுப்பை நம்பலாமா என்று சோதிப்பது

இந்தக் கட்டுரையின் பாதி இதற்காகத்தான். 1990களில் ஐஎஸ்ஓ, எம்எஸ்எக்ஸ் என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் பால்வழித் தளத்தைப் படமெடுத்தபோது, 8 மைக்ரானுக்குப் பக்கத்திலும் கறுப்பாகவே நிற்கும் திட்டுகள் வரிசையாக அகப்பட்டன. கண்ணொளியைத் தூசி மறைப்பது சகஜம்; 8 மைக்ரானையும் மறைக்க வேண்டுமானால் மேகம் மிக அடர்த்தியாக இருக்க வேண்டும். இவற்றுக்கு அகச்சிவப்பு இருள் மேகங்கள் என்று பெயர். பெரிய விண்மீன்கள் பிறக்கும் முன் நிலை இவற்றில் கிடைக்கலாம் என்பதால் இத்தனை ஆர்வம்.

ஆனால் 8 மைக்ரான் பின்னணி ஒரே சீரான வெள்ளை வேட்டி அல்ல. அது மேடும் பள்ளமுமாக இருக்கிறது. இரண்டு பிரகாசமான இழைகளுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடமும் மேகம் போலவே கறுப்பாகத் தெரியும். ஸ்பிட்சர் படங்களில் மேகம் என்று குறித்துவைத்த திட்டுகளில் கணிசமானவை ஹெர்ஷல் படங்களில் ஒளிரவே இல்லை. தனிக்கதை ஒன்று: ஓரியனில் உள்ள என்ஜிசி 1999 என்ற ஒண்முகிலின் நடுவே இருக்கும் கறுப்புத் திட்டை எல்லோரும் அடர்த்தியான தூசி உருண்டை என்றே எடுத்துக்கொண்டார்கள். 2010இல் ஹெர்ஷல் பார்த்தது. அங்கே தூசியின் ஒளிர்வு இல்லை. உண்மையிலேயே ஓட்டை. வானத்து ஓட்டை பற்றி எழுதியவரின் பெயரைத் தாங்கிய தொலைநோக்கிக்கே அது அகப்பட்டது.

சோதனைக்கு ஜி11.11-0.12 என்ற மேகத்தை எடுங்கள். தனுசில், சுமார் 3.6 கிலோபார்செக் (ஏறக்குறைய 11,700 ஒளியாண்டு) தொலைவில், பாம்பு போல நெளிந்து கிடப்பது. எண்ணிலேயே முகவரி இருக்கிறது: பால்வழி நெட்டாங்கு 11.11, அகலாங்கு கழித்தல் 0.12.

ஸ்பிட்சர் 8 மைக்ரானில் 15 ஆர்க்மினிட் சதுரத்தை வெட்டி இறக்குங்கள். 0.6 ஆர்க்செகண்ட் பிக்சலில் 1500க்கு 1500. கோப்பு 9 எம்பி அளவு. அதே சதுரத்தில் மிப்ஸ்கேல் 24, ஹெர்ஷல் 70, 160, 250, 350, 500 எல்லாவற்றையும் இறக்குங்கள். டிஎஸ்9இல் தனித்தனிச் சட்டங்களில் திறந்து, வான ஆயத்தொலைவில் பூட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடுங்கள். அளவுகோலை ஆசின்ஹெச் அல்லது லாக் என்று மாற்றினால் மங்கலானவை எழும்.

பார்க்க வேண்டியது இதுதான்: 8, 24 மைக்ரானில் கறுப்பு, 250, 350, 500இல் அதே உருவம், அதே நெளிவு, பிரகாசமாக. இரண்டும் பொருந்தினால் மேகம். 8இல் கறுப்பு, 250இல் ஒன்றுமே இல்லை என்றால் ஓட்டை என்று சந்தேகியுங்கள். 70 மைக்ரானில் மேகத்துக்குள் புள்ளி புள்ளியாகப் பிரகாசம் தெரிந்தால், உள்ளே பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்கள் சூடேறத் தொடங்கிவிட்டன. 70இலும் கறுப்பாகவே நிற்கும் பகுதிகள்தான் மிகவும் இளையவை. குறிப்பேட்டில் அவற்றுக்கு நட்சத்திரக் குறி போடுங்கள்.

உருவம் பொருந்தவில்லை என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். ஸ்பிட்சர் 8 மைக்ரானில் 2 ஆர்க்செகண்ட் வரை பிரித்துக் காட்டும். ஹெர்ஷல் 500 மைக்ரானில் 36 ஆர்க்செகண்ட். மெல்லிய இழை 500இல் வெறும் கறையாகிவிடும். 8 மைக்ரான் படத்தையே 36 ஆர்க்செகண்டுக்கு மங்கலாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எடை போடுவது

மேகம்தான் என்று உறுதியானதும் எத்தனை சூரிய நிறை என்று கேட்கத் தோன்றும். முதல் தடங்கல் அலகு. ஸ்பிட்சர் படம் ஸ்டெரேடியனுக்கு மெகாஜான்ஸ்கியில் இருக்கும் (ஜான்ஸ்கி வந்துசேரும் கதிர்வீச்சின் அலகு, ஸ்டெரேடியன் வானப் பரப்பின் அலகு). ஹெர்ஷலின் ஸ்பைர் கருவிப் படங்கள் (250, 350, 500 மைக்ரான்) சில அதே அலகிலும், சில ஒரு கற்றைக்கு, அதாவது கருவி ஒரு புள்ளியைப் பரப்பிக் காட்டும் வட்டத்துக்கு, ஜான்ஸ்கி என்றும் வரும். பேக்ஸ் கருவிப் படங்கள் (70, 160 மைக்ரான்) பிக்சலுக்கு ஜான்ஸ்கி. வைஸ் படத்தில் வெறும் எண்ணிக்கை. கோப்பின் தலைப்பில் 'பியூனிட்' என்ற வரியைப் படிக்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள். தவறும் கணக்குகளில் பாதி இங்கேதான் தவறுகிறது.

மாற்றும் வழி: ஸ்டெரேடியனுக்கு 1 மெகாஜான்ஸ்கி என்றால் ஒரு சதுர ஆர்க்செகண்டுக்கு 23.5 மைக்ரோஜான்ஸ்கி. 6 ஆர்க்செகண்ட் பிக்சல் என்றால் 36ஆல் பெருக்க வேண்டும், 846 மைக்ரோஜான்ஸ்கி. கற்றை அலகில் இருந்தால் கற்றையின் பரப்பால் வகுக்க வேண்டும். 250, 350, 500 மைக்ரானுக்கு முறையே சுமார் 470, 830, 1800 சதுர ஆர்க்செகண்ட். வைஸுக்குப் பின்னணியைக் கழித்த எண்ணிக்கையின் மடக்கையை 2.5ஆல் பெருக்கி, சுழிப்புள்ளியிலிருந்து (எண்ணிக்கை 1 வந்தால் எத்தனை மேக்னிட்யூட் என்பது) கழியுங்கள். சுழிப்புள்ளிகள் நான்கு பட்டைகளுக்கும் வரிசையாக 20.5, 19.5, 18.0, 13.0. 3.4 மைக்ரானில் 10,000 எண்ணிக்கை வந்தால் 10.5 மேக்னிட்யூட், சுமார் 19.5 மில்லிஜான்ஸ்கி.

அடுத்து பின்னணி. பால்வழித் தளத்தில் நீங்கள் அளக்கும் ஒளியில் பெரும்பங்கு மேகத்துடையதே அல்ல; முன்னாலும் பின்னாலும் உள்ள மெல்லிய தூசியுடையது. மேகத்துக்கு வெளியே நான்கைந்து இடங்களில் அளந்து, நடுமதிப்பைக் கழியுங்கள். ஒரே ஒரு இடத்தை நம்பினால் அந்த இடம் எப்படியோ விடையும் அப்படி.

பிறகு எல்லாப் படங்களையும் 36 ஆர்க்செகண்டுக்குச் சமமாக மங்கலாக்கி, 160, 250, 350, 500 மைக்ரான் அளவுகளில் திருத்திய கரும்பொருள் வளைவு (தூசியின் தன்மைக்கேற்பத் திருத்திய வெப்பக் கதிர்வீச்சு வளைவு) ஒன்றைப் பொருத்தினால் வெப்பநிலை கிடைக்கும். 70 மைக்ரானைச் சேர்க்காதீர்கள். அங்கே மிகச்சிறிய சூடான துகள்களின் ஒளி கலந்து, மேகத்தைச் சூடாகக் காட்டிவிடும்.

வெப்பநிலை எவ்வளவு முக்கியம் என்று ஒரு கற்பனைக் கணக்கு. 250 மைக்ரானில் 100 ஜான்ஸ்கி, தொலைவு 3.6 கிலோபார்செக். தூசியின் ஒளிபுகாமை 300 மைக்ரானில் ஒரு கிராம் வாயு-தூசிக் கலவைக்கு 0.1 சதுர சென்டிமீட்டர், பீட்டா (ஒளிபுகாமை அலைநீளத்தோடு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்ற அடுக்கு எண்) 2. வெப்பநிலை 20 கெல்வின் என்று வைத்தால் நிறை 284 சூரியன். 15 என்றால் 770. 10 என்றால் 5300. அதே ஒளி, அதே தொலைவு. பத்து கெல்வின் இப்படி அப்படிப் போனால் எடை ஏறக்குறைய பத்தொன்பது மடங்கு மாறுகிறது. ஆகவே நிறையைச் சொல்லும்போது என்ன வெப்பநிலை, என்ன பீட்டா, என்ன தொலைவு என்பதைப் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் அந்த எண்ணை யாராலும் பயன்படுத்த முடியாது, உங்களாலும்தான்.

வளைவில் கிடைப்பது பார்வைக் கோடு முழுவதற்குமான கலவை வெப்பநிலை என்பதையும் மறக்க வேண்டாம். பர்னார்ட் 68இல் விளிம்பு 16 கெல்வினை ஒட்டியும் நடு 8 கெல்வினை ஒட்டியும் இருக்கிறது. சூடான விளிம்பு அதிகம் ஒளிர்வதால் குளிர்ந்த நடுவின் எடை குறைத்து மதிப்பிடப்படும்.

தொலைவு படத்தில் கிடைக்காது. கார்பன் மோனாக்சைடு ரேடியோ வரியின் வேகத்தை வைத்துப் பால்வழிச் சுழற்சியில் இடம் பிடிப்பார்கள். சூரியனின் வட்டத்துக்கு உட்பட்ட பகுதியில் ஒரே வேகத்துக்குக் கிட்டத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று என இரண்டு விடை வரும். மேகம் 8 மைக்ரானில் கறுப்பாகத் தெரிகிறது என்றால் மறைப்பதற்கு அதன் பின்னால் நிறைய ஒளி இருக்க வேண்டும். ஆகவே பெரும்பாலும் கிட்டத்து விடைதான் பொருந்தும்.

பச்சை, மஞ்சள், செங்கல்

விசித்திரமானவை என்று சொல்லப்படுபவற்றில் மூன்றைப் பற்றிச் சுருக்கமாக.

ஸ்பிட்சர் படத்தில் 3.6ஐ நீலமாக, 4.5ஐப் பச்சையாக, 8ஐச் சிவப்பாக வைத்தால் சில இடங்களில் பச்சைப் புகை தெரியும். 4.5 பட்டையில் ஹைட்ரோகார்பன் வரி கிடையாது, ஹைட்ரஜன் மூலக்கூறின் வரிகள் உண்டு. இளம் விண்மீனிலிருந்து பீறிடும் வாயு சுற்றியுள்ள மேகத்தில் மோதும் இடமாக இருக்கலாம். இருக்கலாம் என்பதை அழுத்திப் படியுங்கள். பச்சையின் அளவுகோலைக் கொஞ்சம் ஏற்றினால் எதையும் பச்சையாக்கலாம். 4.5 படத்தை 3.6 படத்தால் வகுத்துப் பாருங்கள். வகுத்த பிறகும் தனித்து நின்றால்தான் கணக்கில் சேரும்.

8ஐப் பச்சையாகவும் 24ஐச் சிவப்பாகவும் வைத்த படங்களில் சின்னச் சின்ன மஞ்சள் உருண்டைகளைக் கவனித்தவர்கள் தொழில்முறை ஆய்வாளர்கள் அல்ல. 2010 டிசம்பரில் தொடங்கிய, இணையத்தில் பொதுமக்கள் பங்கேற்கும் பால்வழித் திட்டத்தில் வாயுக் குமிழிகளை வட்டமிட்டுக்கொண்டிருந்த தன்னார்வலர்கள். 900க்கு மேற்பட்டவை பட்டியலாகின. நடுத்தர நிறையும் அதற்கு மேலும் உள்ள விண்மீன்கள் தம்மைச் சுற்றிக் குமிழி ஊதத் தொடங்கும் முன் உள்ள இளம் நிலை இது. வேலைக்கு வேண்டியிருந்தது பட்டம் அல்ல, பொறுமை.

பால்வழி மையத்துக்கு அருகே ஜி0.253+0.016 என்ற மேகம் இருக்கிறது. செங்கல் என்றே செல்லப்பெயர். நிறை சூரியனைப்போல் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு. ஆனால் அந்த எடைக்கு விண்மீன் பிறப்பு மிகக் குறைவு. அலாதீனில் போய்ப் பாருங்கள், அளக்க மட்டும் இப்போது முயல வேண்டாம். அங்கே பின்னணி கழிப்பது அனுபவசாலிகளுக்கே தலைவலி.

கருவியின் குறும்புகள்

புதிதாக ஏதோ கண்டுவிட்டோம் என்று தோன்றும்போது நின்று நிதானமாகப் பாருங்க. வைஸ் பட்டியலில் கலப்புக் குறி என்ற நெடுவரிசை இருக்கிறது. 'டி' என்றால் பிரகாச விண்மீனின் கதிர்க்கூர், 'பி' என்றால் முந்தைய படத்தின் மிச்ச ஒளி, 'ஹெச்' என்றால் ஒளிவட்டம், 'ஓ' என்றால் பேய்ப் பிம்பம். நான்கு பட்டைக்கும் சுழியம் இருந்தால் நிம்மதி. நிலா அருகில் இருந்த நாட்களின் படங்களில் 12 மைக்ரானில் பட்டை பட்டையாக வெளிச்சம் வரும். பிரகாசம் எல்லை மீறிய இடமும் உண்டு: 3.4 மைக்ரானில் 8.1, 4.6இல் 6.7, 12இல் 3.8, 22இல் கழித்தல் 0.4 மேக்னிட்யூட்டைவிடப் பிரகாசமானவற்றின் நடுப் பிக்சல்கள் நிரம்பிவிட்டிருக்கும். ஸ்பிட்சரில் பிரகாச விண்மீன் விழுந்த நெடுவரிசை முழுக்கக் கீழிறங்கி, கறுப்புக் கோடு போலத் தெரியும். அதையும் இருள் இழை என்று குறிப்பவர்கள் உண்டு. நேர்கோடாக, பிக்சல் வரிசையோடு இணையாக எது இருந்தாலும் இயற்கையல்ல என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

12, 25 மைக்ரானில் படத்தின் ஒரு மூலை மெதுவாக வெளுத்துக்கொண்டே போனால் அது நம் சூரியக் குடும்பத்துத் தூசி. ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரிந்து அடுத்ததில் காணாமல் போகும் புள்ளி பெரும்பாலும் குறுங்கோள்.

இதையெல்லாம் தாண்டியும் நின்றால் சிம்பாட் என்ற வானியல் பொருள் தரவுத்தளத்தில் அந்த இடத்தைச் சுற்றி 2 ஆர்க்மினிட் ஆரத்தில் தேடுங்கள். பெயர் இருந்தால் ஏற்கெனவே எழுதப்பட்ட கட்டுரைகள் அங்கேயே இணைந்திருக்கும். பெயர் இல்லையென்றால், விசியர் என்ற பட்டியல் தொகுப்பில் தேடுங்கள். தனிப்பெயர் இல்லாமல் பெரிய பட்டியலில் ஒரு வரியாக இருப்பது சகஜம். குறிப்பேட்டில் ஆயத்தொலைவு, எந்தக் காப்பகத்தின் எந்தக் கோப்பு, இறக்கிய தேதி, எந்த அளவுகோலில் பார்த்தது என்பவை இருக்க வேண்டும். கணினித் திரையைப் படம் பிடித்து வைத்தால் போதும் என்று நினைத்தால், மூன்று வாரம் கழித்து அது எந்த இடம் என்று உங்களுக்கே தெரியாது.

வெளியே போய்ப் பார்க்க

கணினியில் அளப்பதை நேரில் பார்க்காமல் விடுவது நியாயமில்லை. நம் பக்கத்தில் வானம் தெளிவாக இருப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. ஜூனில் தொடங்கி பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேகம் கோவை, பொள்ளாச்சி வானத்தை மூடிவிடும்; அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கோவை, திருப்பூர் வெளிச்சத்திலிருந்து தள்ளி, தாராபுரத்துக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட மேட்டுக்காடுகள் நல்ல இடம். காற்றாலைகளின் சிவப்பு விளக்கு படமெடுப்பவர்களைத் தொந்தரவு செய்யும், கண்ணுக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை.

ஏப்ரல் நடுவில், அமாவாசையை ஒட்டிய இரவில், பதினொன்றரை மணிக்குத் தெற்கே பாருங்கள். திரிசங்கு (தெற்குச் சிலுவை) நிமிர்ந்து நிற்கும். அதன் இடப்பக்கம் பால்வழியில் கரித்துண்டு வைத்தது போன்ற திட்டு கரிமூட்டை ஒண்முகில். அடிவானத்திலிருந்து 16 டிகிரிதான் உயரும். தெற்கில் தென்னந்தோப்போ குன்றோ இருந்தால் தெரியாது. அங்கேயே காத்திருந்தால் மூன்றேகால் மணிக்குக் கேட்டை உச்சிக்கு வரும், விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே பால்வழி இரண்டாகப் பிளந்திருப்பது தெரியும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகும். அதுவரை போனை வெளியே எடுக்க வேண்டாம்.